புதிதாக பைக் எடுக்கிறீர்களா? ஹெல்மெட் முதல் காலணி வரை வாங்கும் வழி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாக பைக் எடுப்பவர்கள் வண்டியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஹெல்மெட்டை மட்டும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஜாக்கெட், கையுறை என்றால் அதெல்லாம் லடாக் போகிறவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இவற்றை வாங்க அலைந்தபோது ஒரு கடையில் அளவு இல்லை. இன்னொரு கடையில் பில் இல்லை. இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போதும் அலுக்காமல் மாட்டிக்கொள்ள முடிகிற கவசம்தான் உங்களுக்கான கவசம். அதைவிட விலை கூடியது வாங்கி பீரோ மேல் வைப்பதில் பயன் இல்லை.

1. வண்டிப் பணத்திலேயே கவசத்துக்கும் ஒதுக்குங்கள்

ஷோரூமில் ‘ஆன்ரோடு’ விலைப் பட்டியலைக் கையில் கொடுக்கும்போது கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். சீட் கவர், பாலிஷ் கோட்டிங், ஸ்டிக்கர், அலங்காரக் கம்பிகள் என்று சில ஆயிரங்கள் அங்கே ஒளிந்திருக்கும். அவற்றில் வேண்டாதவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பணமே கையுறைக்கும் முட்டிக் கவசத்துக்கும் போதும்.

இரு சக்கர வாகனம் வாங்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். கேட்காதவருக்குப் பல இடங்களில் கொடுப்பதில்லை. ஆனால் அது உங்கள் தலையளவு பார்த்துக் கொடுப்பதல்ல. பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் வீட்டில் வேறு யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தனியாக வாங்குங்கள்.

தோராயமான செலவு இது. முகம் முழுவதும் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் 1,200 முதல் 2,500 ரூபாய்க்குள் நன்றாகவே கிடைக்கிறது. நாலாயிரத்துக்கு மேல் போனால் காற்றோட்டமும் உள்மெத்தையின் தரமும் கூடும். கையுறை 1,000 முதல் 2,500. கவசத் தகடு வைத்த வலைத்துணி ஜாக்கெட் 5,000 முதல் 9,000. முட்டிக் கவசம் 1,000 முதல் 2,000. கணுக்காலை மூடும் காலணி 1,500-லிருந்து தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர்கள்தான் அதிகம். ஹெல்மெட்டும் காலணியும் வண்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே இருக்க வேண்டும். கையுறை அடுத்த சம்பளத்தில். ஜாக்கெட்டுக்கு தீபாவளி போனஸ் வரைக்கும் காத்திருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதற்குமுன் மலைப்பாதைக்கு வண்டியைத் திருப்பாதீர்கள்.

2. தலையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் சில இந்திய நிறுவனங்களில் ‘எம்’, 60 என்றால் ‘எல்’. இது தொடக்கம் மட்டுமே. ஒரே அளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று உருண்டையாகவும் மற்றொன்று முன்பின் நீண்டும் இருக்கும். அதனால் போட்டுப் பார்க்காமல் முதல் ஹெல்மெட்டை வாங்காதீர்கள்.

போட்டதும் கன்னங்கள் இரண்டும் உள்ளே தள்ளப்பட வேண்டும். வாயை மெல்லுவதுபோல் அசைத்தால் கன்னத்தின் உள்சதை பல்லில் லேசாகப் பட வேண்டும். கையால் ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நகராமல் ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரியது. அடுத்து பட்டியை மாட்டி, தலையைக் குனிந்துகொண்டு, உடன் வந்தவரைப் பின்பக்கக் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்றுதான் போகும். தாடைக்கும் பட்டிக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிற இடம் போதும்.

பிறகு கழற்றாமல் கடையிலேயே கால் மணி நேரம் நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி. கழற்றிய பிறகு நெற்றியில் ஒரே இடத்தில் சிவப்பாகத் தடம் விழுந்து வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது. கோவையில் ஒரு கடையில் எனக்கு இதைத்தான், “போடப் போட இளகிவிடுமுங்க” என்று தள்ளப் பார்த்தார்கள். கன்னத்து மெத்தை சில வாரங்களில் கொஞ்சம் இளகும் என்பது உண்மை. நெற்றியில் அழுத்துவது மெத்தை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல். அது இளகாது. நேர்மாறாக, “இறுக்குகிறது” என்று நீங்கள் சொன்ன உடனே ஒரு அளவு பெரியதை எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு. இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டபடியே சோதியுங்கள். கொண்டை போடும் பெண்கள் பின்னலைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் உலோகக் கிளிப்பும் ஊசியும் இருக்கக் கூடாது. அடி படும்போது அவை மண்டையில்தான் இறங்கும்.

பாதி ஹெல்மெட், தொப்பி ஹெல்மெட், கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட் எதுவும் வேண்டாம். விழும்போது முதலில் தரையைத் தொடுவது பல நேரங்களில் தாடைதான். வெயிலுக்குப் பயந்து முகம் திறந்த ஹெல்மெட் வாங்குபவர்கள், தாடைப் பகுதியைத் தூக்கிவிடக்கூடிய வகையைப் பாருங்கள். சிக்னலில் தூக்கிக்கொள்ளலாம், ஓடும்போது மூடிவிட வேண்டும்.

3. முத்திரையை நம்பாதீர்கள், எண்ணைச் சரிபாருங்கள்

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அதனால் எல்லா ஹெல்மெட்டிலும் முத்திரை இருக்கிறது, போலியிலும்கூட. நெடுஞ்சாலையோரப் புளியமரத்தடியில் 300 ரூபாய்க்குத் தொங்குவதிலும் அதே முத்திரைதான்.

சரிபார்ப்பது எளிது. அசல் முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண் இருக்கும். கீழே சி.எம்/எல் என்று தொடங்கி ஏழு அல்லது பத்து இலக்க உரிம எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அந்த எண்ணைக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயர், பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். திரையில் வரும் பெயரும் ஹெல்மெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கூடவே தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். உள்மெத்தையை விலக்கினால் ஸ்டிக்கரோ பட்டியில் தைத்த துணித்துண்டோ இருக்கும். பெரிய தள்ளுபடி என்றால் சரக்கு பழையதாக இருக்கலாம். ஹெல்மெட்டை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அதில் இரண்டு ஆண்டைக் கடையின் அலமாரி தின்றுவிட்டிருந்தால் தள்ளுபடியில் லாபம் ஒன்றும் இல்லை.

ஐரோப்பியத் தரச் சான்றான இ.சி.இ. பெற்றவை நல்ல தரம்தான். ஆனால் நம் நாட்டில் சட்டப்படி தேவை ஐ.எஸ்.ஐ. இரண்டும் உள்ளதை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்று சாலையில் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. ஜாக்கெட்: முதுகுப்புற உள்பையைத் திறந்து பாருங்கள்

திருப்பூர் பனியன் உலகமெங்கும் போகிறது. ஆனால் தார்ச்சாலையில் தேய்ந்தால் எந்தப் பருத்திப் பனியனும் கணத்தில் கிழிந்துவிடும். அதற்கடுத்து தேய்வது தோல். கல்லூரிப் பையன்கள் போடும் சாதாரண ஜீன்ஸ் சட்டையும் அவ்வளவாக உதவாது.

ஈரோடு, கரூர் வெயிலுக்கு ஏற்றது வலைத்துணி ஜாக்கெட். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வியர்வையை உலர்த்தும். சித்திரை, வைகாசியில் உள் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு மேலே ஜாக்கெட்டை மாட்டினால் அரை மணி நேரத்துக்குக் குளுமையாகவே இருக்கும். தோல் ஜாக்கெட்டை ஊட்டிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, அடியைத் தாங்க உள்ளே வைத்திருக்கும் தகடுகளை. தோள், முழங்கை, முதுகு மூன்று இடத்திலும் உள்பை இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து தகட்டை வெளியே எடுங்கள். தோள், முழங்கைத் தகட்டில் ‘இ.என். 1621-1’ என்றும், முதுகுத் தகட்டில் ‘இ.என். 1621-2’ என்றும் ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் லெவல் 1 அல்லது லெவல் 2 என்று இருக்கும். இரண்டாவது கூடுதல் பாதுகாப்பு. குறைந்த விலை ஜாக்கெட்டுகளில் தோளுக்கும் முழங்கைக்கும் சான்று பெற்ற தகட்டை வைத்துவிட்டு, முதுகில் சும்மா ஒரு கடற்பஞ்சுத் துண்டை வைத்து விற்கிறார்கள். விளம்பரத்தில் ‘சான்று பெற்ற கவசம்’ என்று போடுவதற்கு அது போதும். உங்கள் முதுகுத்தண்டுக்குப் போதாது. அப்படிப்பட்டதை வாங்கினால் 1,000 முதல் 2,500 ரூபாய் கொடுத்து முதுகுத் தகட்டைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

நின்றபடி கண்ணாடியில் அழகு பார்த்து வாங்காதீர்கள். கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். கை நீண்டதும் சட்டைக் கை மேலேறும். அப்போதும் தகடு முழங்கை எலும்பின் மேலேயே நிற்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் விழும்போது தகடு ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம் போய்விடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டு வைக்கவில்லை. தொளதொள ஜாக்கெட் அந்தக் காற்றில் பாய்மரமாகிவிடும். முன்னால் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டும் அப்படித்தான், பக்கவாட்டுக் காற்றில் கழுத்தைத் திருகும். அந்த வழியில் தினமும் போகிறவர்கள் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

5. கையும் காலும்

விழுகிறவர் முதலில் கையை ஊன்றுவார். உள்ளங்கை கிழிந்தால் ஆறும் வரைக்கும் சோறு பிசைந்து சாப்பிட முடியாது, தறியில் நூல் முடிய முடியாது, கைப்பேசியைக்கூடத் தொட முடியாது. அதனால் கையுறையின் புறங்கைத் தகட்டைவிட உள்ளங்கைப் பக்கம் முக்கியம். மணிக்கட்டுக்கு அருகில், உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுவழுப்பான கெட்டித் துண்டு இருந்தால் நல்லது. கை சாலையில் சிக்கி முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்லும். மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிய பிறகு விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்றால் வேண்டாம். பாதி விரல் கையுறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காலுக்கு, செருப்பைத் தவிர எதுவும் என்று தொடங்கலாம். கணுக்கால் எலும்பை மூடி, கயிறு உள்ளே மடங்கி, அடிப்பாகம் வழுக்காமல் இருக்க வேண்டும். தொழிற்சாலைகளில் போடும் பாதுகாப்புக் காலணி பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். கியர் மாற்ற இடைஞ்சல் இல்லாமல் விரல்பகுதி நுழைந்தால் அதையே போடலாம். முட்டிக் கவசத்தை பேன்ட்டுக்கு மேல் மாட்டுவது வசதி. வேலைக்குப் போய்க் கழற்றி வண்டிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

6. பின்னால் உட்காருபவருக்கும்

மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி நான்கு வயதைத் தாண்டிய எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும். பின்னால் உட்காரும் அம்மாவுக்கும், கோயிலுக்குக் கூட்டிப்போகும் ஆத்தாவுக்கும் இதில் விலக்கு இல்லை. பட்டியை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. டேங்கின் மேல் வைத்துக்கொண்டும் முழங்கையில் கோத்துக்கொண்டும் போவது, போலீஸைக் கண்டதும் கவிழ்த்துக்கொள்வது எல்லாம் கணக்கில் வராது. அபராதம் 1,000 ரூபாய். உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் 194டி பிரிவு இடம் தருகிறது.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு, ஓட்டுபவருடன் சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும். குழந்தை இருக்கும்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர்களின் ஹெல்மெட்டைக் குழந்தைக்குக் கவிழ்ப்பது வீண். அந்த எடை கழுத்துக்குத்தான் கேடு.

சேலை, துப்பட்டா விஷயத்தில், சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலைக் கம்பியை மட்டும் நம்பாதீர்கள். முந்தானையை இடுப்பில் செருகி, மேலே ஒரு பைக் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் பறக்காது.

7. காகிதங்கள்

ஜி.எஸ்.டி. எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். அளவு, மாடல், நிறம், தயாரிப்பு மாதம் அதில் இருந்தால் நல்லது. “பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்பார்கள். மறுநாள் அளவு மாற்றப் போனால் அதே கடையில் உங்களை அடையாளம் தெரியாது. பில்லைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டது சில மாதத்தில் வெளுத்துவிடும். இணையத்தில் வாங்குபவர்கள் பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவிட்டு, அட்டையைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு’ என்ற வரியைத் தேடுங்கள். 15 லட்ச ரூபாய்க்கான இந்தக் காப்பீடு வண்டியின் உரிமையாளருக்கு, அவர் பெயரில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே. நம் பக்கத்தில் வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகனாக இருக்கும். அந்த மகனுக்கு இது பொருந்தாது. வண்டியை ஓட்டுகிறவர் பெயரில் பதிவதோ, அவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பதோதான் வழி. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஹெல்மெட் போடாததைக் காட்டித் தொகையைக் குறைத்த தீர்ப்புகளும் உண்டு. ஆர்.சி., உரிமம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் அரசின் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ ஏற்றிவிடுங்கள்.

8. மலைக்குப் போகும் முன்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. வாங்கிய கவசத்தை முதல் முறையாக அங்கே கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். ஒரு மாதம் ஊருக்குள் போட்டுப் பழகுங்கள். கையுறையோடு இண்டிகேட்டரும் ஹாரனும் தடுமாறாமல் கைக்கு வர வேண்டும். குன்னூர், வால்பாறை பனிமூட்டத்தில் ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் மங்கும். மங்காமல் தடுக்கும் உள்படலம் ஒட்டக்கூடிய மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். கறுப்புக் கண்ணாடியை இருட்டுவதற்குமுன் மாற்றிவிட வேண்டும். சத்தியமங்கலம் வனப்பகுதியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் திம்பம் போகிறவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.

9. பராமரிப்பும் மாற்றுவதும்

தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் உள்மெத்தை சீக்கிரம் நாறிப் பொடியும். உள்ளே மெல்லிய பனியன் துணித் தொப்பி போட்டுக்கொண்டு அதைத் தினமும் துவையுங்கள். மெத்தையைக் கழற்றி மாதம் ஒரு முறை ஷாம்பூ நீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத் துடைக்க பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும்.

கீழே விழுந்து தலை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் ஆயுள் முடிந்தது. அடியைத் தாங்கியது உள்ளே நசுங்கிய தெர்மாகோல். நசுங்கிய நாமக்கல் முட்டை அட்டை மறுபடி நிமிராதது போல அதுவும் நிமிராது. அடுத்த அடிக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

யாராவது விழுந்து கிடந்தால் மூச்சுத் திணறினாலொழிய அவர் ஹெல்மெட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள், கழுத்து அடிபட்டிருக்கலாம். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் பாதுகாக்கிறது.

பயன் முடிந்த ஹெல்மெட்டை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பட்டியை இரண்டாக அறுத்து, உள் தெர்மாகோலை உடைத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி, அதே புளியமரத்தடியில் தொங்கவிட்டுவிடுவார்கள்.